பழைய பிரேக்கரை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பக்கத்து பேக்டரியை ஒரு வார்த்தை கேளுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாங்கா சீசன் வந்துட்டா உங்க பேப்பர்ல கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் பேக்டரி வாசல்ல டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிக்கிற போட்டோ வருது, பெங்களூரா மாங்கா கிலோ என்ன விலைன்னு செய்தி வருது, அதெல்லாம் வரணும் சார். ஆனா அந்த வரிசை சில நாள் நகராம நிக்கிறதுக்கு விலை காரணமா இருக்காது, பேக்டரி உள்ள கரண்ட் பேனல்ல கைக்கு அடங்குற ஒரு காயில் எரிஞ்சு போயிருக்கும், அந்தக் காயிலை செஞ்ச கம்பெனி அதை நிறுத்தி பத்து வருஷம் ஆகியிருக்கும். இதைப் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதனால நானே எழுதுறேன். எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ்ல இருபத்தாறு வருஷமா இருக்கேன், மொதல்ல ஓசூர் சிப்காட்ல, இப்ப கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாங்கூழ் பேக்டரில.

எங்க மெயின் இன்கமர் பிரேக்கர், அதாவது ஈபி கரண்ட்டை பேக்டரிக்குள்ள விடற, கோளாறுன்னா தானா அறுத்து விடற பெரிய சுவிட்சு, 1600 ஆம்ப்ஸ் ஏர் சர்க்யூட் பிரேக்கர், 1994ல பேக்டரி ஆரம்பிச்சப்ப வாங்குனது. மெக்கானிசம்லாம் இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்குது, கிரீஸ் போட்டு காண்டாக்ட் துடைச்சு வெச்சா இன்னும் பத்து வருஷம் ஓடும்னு நான் தைரியமா சொல்லுவேன். பிரச்சினை பிரேக்கர்ல இல்ல, அதுக்குள்ள இருக்குற சின்னச் சின்ன சாமான்லதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஜூன் மாசம், சீசன் உச்சத்துல, ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மழையில ஈபி லைன் போயி போயி வந்துச்சு, கடைசியா வந்தப்ப பிரேக்கர் ஏத்தவே முடியல. ஸ்பிரிங் சார்ஜ் ஆவுது, பட்டனை அமுக்குனா டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், உடனே டிரிப் ஆயிடுது. பேனல் கதவைத் தொறந்தப்ப வார்னிஷ் எரிஞ்ச வாசனை மூஞ்சில அடிச்சுது, அப்பவே புரிஞ்சுபோச்சு, அண்டர் வோல்டேஜ் காயில் காலி.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், அந்தக் காயிலுக்கு கரண்ட் இருக்குற வரைக்கும் ஒரு லீவரை இழுத்துப் புடிச்சுக்கும், லைன்ல சப்ளை போனா லீவரை விட்டுடும், பிரேக்கர் தானா விழுந்துடும். காயில் எரிஞ்சா லீவரைப் புடிக்க ஆளில்ல, கையால ஏத்துனாக்கூட பிரேக்கர் நிக்காது. அப்ப கூட இருந்த ஒரு ஆளு சொன்னாரு, "அண்ணா, லீவரை ஒரு கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டிடலாம், பிரேக்கர் நிக்கும், காலைல பாத்துக்கலாம்"னு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, வாசல்ல பதினெட்டு லாரி நிக்குது, உள்ள பழம் கனிஞ்சு ஒழுகுது, ஓனர் வேற மூணு தடவை போன் பண்ணிட்டாரு. நான் முடியாதுன்னுட்டேன். எங்க பேனல்ல ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல, ரெண்டும் ஒரே நேரத்துல ஏறாம தடுக்குற இன்டர்லாக்கே அந்தக் காயிலை நம்பித்தான் இருக்கு. அதைக் கட்டி வெச்சா ஈபி போனாலும் பிரேக்கர் ஏறியே நிக்கும், அந்த நேரம் ஜெனரேட்டரை ஏத்துனா 433 வோல்ட் எங்க டிரான்ஸ்பார்மர்ல திரும்பி ஏறி 11 கேவியா லைனுக்குப் போவும், மழையில கம்பத்து மேல ஏறி ஃபால்ட் பாத்துட்டு இருக்குற லைன்மேன் லைன் செத்துக் கெடக்குன்னு நம்பி கை வெப்பாரு. இந்த மாவட்டத்துல எத்தனை பேனல்ல இன்னைக்கும் அந்தக் கட்டுக்கம்பி இருக்குதுன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராது சார். ஸ்பேர் கெடைக்காததுதான் அந்தக் கம்பியைக் கட்ட வெக்குது, அதனாலதான் இதை வெறும் பேக்டரி நஷ்டக் கணக்கா மட்டும் பாக்காதீங்கன்னு கேக்குறேன்.

மூணு நாள் 500 கேவிஏ ஜெனரேட்டர்லயே பாதி லோடு ஓட்டுனோம், குளிர வெக்கிற சில்லர் ஓடுனா கூழைச் சுண்ட வெக்கிற எவாப்பரேட்டர் ஓடாது, எவாப்பரேட்டர் ஓடுனா சில்லர் நிக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணா மரியாதையாதான் பேசுனாங்க, டைப் நம்பர் கேட்டாங்க, அரை மணி நேரத்துல ஒரு லெட்டர் மெயில்ல வந்துச்சு, இந்த மாடல் அப்சலீட், ஸ்பேர் சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, பழைய பேனல்லயே புது மாடலைப் பொருத்தி ரெட்ரோஃபிட் பண்ணிக்கோங்க, டெலிவரி பத்துல இருந்து பன்னெண்டு வாரம். பன்னெண்டு வாரத்துல எங்க சீசனே முடிஞ்சிடும் சார், மே மாசம் ஆரம்பிச்சா ஆகஸ்ட்ல மெஷினைக் கழுவி மூடிடுவோம்.

கடைசில காப்பாத்துனது கிருஷ்ணகிரியில ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்காரர். எரிஞ்ச காயிலைக் கையில வாங்கிப் பாத்தாரு, கம்பியெல்லாம் வார்னிஷோட ஒட்டி கரிக்கட்டையா இருக்கு, சுத்து எண்ண முடியாது. மனுஷன் கொஞ்சங்கூட பதறல, கம்பியை மொத்தமா சுட்டு உதுத்து எடுத்து, பக்கத்துல இருக்குற நகைக் கடையில தராசு கேட்டு வாங்கிட்டு வந்து எடை போட்டாரு, மைக்ரோமீட்டர்ல கம்பி கனம் பாத்தாரு, எடையும் கனமும் தெரிஞ்சா கம்பி நீளம் வந்துடும், ஒரு சுத்துக்கு எவ்வளவு நீளம்னு கம்பி சுத்தியிருக்குற பாபின்ல அளந்தா எத்தனை சுத்துன்னு வந்துடும். பழைய நோட்டுப் பின்னட்டைலதான் கணக்குப் போட்டாரு. பிளாஸ்டிக் பாபின் உருகிப் போயிருந்துச்சு, அதுக்கு லேத் பட்டறையில கரண்ட் கடத்தாத ஹைலம் கட்டையில கடைஞ்சு வாங்குனோம். மூணாவது நாள் சாயங்காலம் அந்தக் காயில் லீவரை டக்குன்னு இழுத்துப் புடிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அது இன்னைக்கும் அதே பேனல்ல வேலை செய்யுது.

ஆனா நான் எழுத வந்த விஷயம் அதுக்கப்புறம் நடந்ததுதான். ஸ்பேருக்கு இன்னொரு காயில் வேணும்னு அலைஞ்சப்ப ஓசூர்ல பழைய சிநேகிதர் ஒருத்தர் சொன்னாரு, எங்க பிரேக்கர் மாதிரியே, அதே மேக், அதே டைப், ரெண்டு பிரேக்கர் ஒரு பேக்டரியில இருந்துச்சு, புது பேனல் மாத்துனப்ப பழசை மொத்தமா எடைக்குப் போட்டுட்டாங்க, போட்டு ரெண்டு மாசம்தான் ஆவுதுன்னு. மறுநாளே பஸ் புடிச்சு அந்தக் காயலான் கடைக்குப் போனேன். செம்பு பாரெல்லாம் அறுத்து எடுத்துட்டாங்க, மூலையில ஆர்க் சூட், அதாவது பிரேக்கர் அறுக்குறப்ப வர்ற தீப்பொறியை அணைக்கிற பெட்டி, ஆறு குமிஞ்சு கெடக்குது, மெக்கானிசம் பிரேம் ஒண்ணு சம்மட்டியால அடிபட்டு நசுங்கிக் கெடக்குது, அதுல நேம் பிளேட் மட்டும் அப்படியே இருக்கு, துணியால தொடச்சுப் பாத்தேன், எங்க பிரேக்கர்ல இருக்குற அதே டைப் நம்பர், வருஷம் மட்டும் 1996. அதுல இருந்த நல்ல காயில், ஸ்பிரிங் சார்ஜிங் மோட்டார், மைக்ரோ சுவிட்சு எல்லாம் கிலோ கணக்குல போயிடுச்சு. கடைக்காரர் நல்லவர்தான், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே அண்ணா, எங்களுக்கு இது செம்பு, இரும்பு, அவ்வளவுதானே"ன்னாரு. அவர் மேல தப்பே இல்ல. வித்த பேக்டரி மேலயும் இல்ல, அவங்களுக்கு நான் இங்க தேடிட்டு இருக்கேன்னு எப்படித் தெரியும்? அம்பது கிலோமீட்டர் தூரம்தான், நடுவுல சொல்ல ஆளில்ல.

இது ஏதோ எங்க ஒரு பேக்டரி கதைன்னு நெனைக்காதீங்க. ஓசூர்ல சிப்காட் வந்தது 1970கள்ல, கிருஷ்ணகிரி பர்கூர் பக்கம் கிரானைட் யூனிட்டுங்க, தர்மபுரி பக்கம் கோஆபரேட்டிவ் சர்க்கரை ஆலைங்க, எல்லா எடத்துலயும் முப்பது வருஷ, நாப்பது வருஷ சாமான் ஓடிட்டு இருக்கு. அதுல பாதிக்கு செஞ்ச கம்பெனி பேரே மாறிடுச்சு. பழைய சப்ஸ்டேஷன் பேனல்ல கண்ணாடிக்குள்ள ஒரு தட்டு சுத்துற சிடிஜி ரிலே பாத்திருப்பீங்க, கரண்ட் அளவு மீறுனா பிரேக்கரை விழ வெக்கிறது, நம்ம பல்லாவரத்துல இங்கிலீஷ் எலக்ட்ரிக்காரங்க செஞ்சது, அந்தக் கம்பெனி அப்புறம் ஜிஇசி ஆச்சு, ஜிஇசி ஆல்ஸ்தாம் ஆச்சு, அரேவா ஆச்சு, மறுபடி ஆல்ஸ்டாம் ஆச்சு, ஜிஇ ஆச்சு, இப்ப ஜிஇ வெர்னோவா. இத்தனை பேரு மாறுனதுல எந்தப் பழைய டைப் நம்பருக்கு எந்தப் புது நம்பர்னு கண்டுபுடிக்கிறதே தனி வேலை. புதுசா சேர்ந்த பையங்களுக்கு நேம் பிளேட்ல இருக்குற பேரைப் போட்டுத் தேடுனா ஒண்ணும் கெடைக்காது, கம்பெனி வரலாறு தெரிஞ்ச பழைய ஆளுங்களைத்தான் கேக்கணும், அவங்கள்ளாம் ஒவ்வொருத்தரா ரிட்டையர் ஆயிட்டு இருக்காங்க.

ஜெனரேட்டர் கதை வேற. 2008ல இருந்து 2014 வரைக்கும் தமிழ்நாட்டுல இருந்த பவர்கட்டை யாரும் மறந்திருக்க மாட்டீங்க, 2012ல நாள்ல பாதிக்கு மேல கரண்ட் இல்லாத நாளெல்லாம் இருந்துச்சு, அப்ப கடன் வாங்கியாவது ஆளாளுக்கு ஜெனரேட்டர் வாங்குனாங்க. அதெல்லாம் இப்ப பத்து வயசு தாண்டுனது. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, போறது வோல்டேஜை ஒரே அளவுல வெச்சிருக்குற ஏவிஆர் போர்டு, டயோடு பிளேட், கன்ட்ரோல் பேனல்ல இருக்குற பழைய கன்ட்ரோலர். ஜெனரேட்டர்ல கரண்ட் உண்டாக்குற பாகமான ஆல்டர்னேட்டர், அதுல ஸ்டாம்ஃபோர்டு மேக்ல வர்ற எஸ்எக்ஸ்460 மாதிரி ஏவிஆருக்கு போலி சரக்கு அவ்வளவு சுத்துது, பாக்க அச்சு அசலா இருக்கும், லோடு ஏத்துனா வோல்டேஜ் ஊஞ்சல் ஆடும்.

போலியில நானும் ஏமாந்திருக்கேன், அதையும் சொல்லிடறேன், அடுத்தவங்களாவது ஜாக்கிரதையா இருக்கட்டும். அதே அண்டர் வோல்டேஜ் காயிலுக்கு வெளி மாநிலத்துல ஒரு டீலர் புது சரக்கு இருக்குன்னு போட்டோ அனுப்புனாரு, முழுப் பணமும் அட்வான்ஸா கேட்டாரு, அனுப்பினோம். பார்சல் வந்துச்சு, பளபளன்னு ஸ்டிக்கர், 240 வோல்ட்னு போட்டிருக்கு. ஏதோ மனசு ஒப்பல, மீட்டர் வெச்சு ரெசிஸ்டன்ஸ் பாத்தா நம்ம நல்ல காயில்ல இருக்குறதுல சுமார் கால் பங்குதான் காட்டுது. ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால மெல்ல உரிச்சேன், அடியில பழைய ஸ்டிக்கர், 110 வோல்ட். அதை அப்படியே பேனல்ல மாட்டியிருந்தா கொஞ்ச நேரத்துல எரிஞ்சிருக்கும். பணம் திரும்பி வரல, போனையும் எடுக்கல.

அதுல இருந்து நான் வெச்சிருக்குற பழக்கம் இதுதான். சாமானோட போட்டோ கேட்டா, இன்னைக்குத் தேதி எழுதுன பேப்பரைப் பக்கத்துல வெச்சு நேம் பிளேட்டு தெரியற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லுவேன், ஜிஎஸ்டி பில் இல்லாம வாங்க மாட்டேன், காயில்னா மாட்டுறதுக்கு முன்னாடியே ரெசிஸ்டன்ஸ், பிரேக்கர்னா மெக்கர் மீட்டர் போட்டுப் பாத்த இன்சுலேஷனும், தனியா அளந்த காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் எத்தனை மைக்ரோ ஓம்னும் எழுதி வாங்குவேன், விசிபியில, அதாவது வேக்குவம் பிரேக்கர்ல, காண்டாக்ட் இருக்குற வேக்குவம் பாட்டில் பழசுன்னா ஹை வோல்டேஜ் டெஸ்ட் பண்ணாம தொடவே மாட்டேன், ஏன்னா உள்ள வேக்குவம் போயிருந்தா கண்ணால பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ், யுபிஎஸ் போர்டு எல்லாம் இன்னொரு சிக்கல், பெட்டி பிரிக்காத புது சரக்குன்னு பெருமையா சொல்லுவாங்க, ஆனா அதுல இருக்குற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சும்மா வெச்சிருந்தாலும் வயசாவும், வருஷக்கணக்கா கரண்ட் பாக்காததை ஒரேயடியா ஃபுல் வோல்டேஜ்ல ஏத்துனா வெடிக்கும், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற வேரியாக் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி முழிக்க வெக்கணும், இல்லேன்னா கெப்பாசிட்டரை மாத்திட்டுதான் போடணும். பெங்களூரு எஸ்பி ரோட்டுல அதுக்கு சரிசமமான சரக்கு பெரும்பாலும் கெடைச்சிடும்.

இன்னொண்ணும் சொல்லணும், பழசு எல்லாத்தையும் கட்டிக் காப்பாத்தணும்னு நான் சொல்லல. 11 கேவி ஆயில் பிரேக்கர் இன்னும் வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு விசிபிக்கு மாறிடுங்க, ஆயில் பிரேக்கர்ல எண்ணெய் கெட்டுப் போயி வெடிச்சா உசுரு போவும், அதுக்கு ஸ்பேர் தேடி அலையறது வீண். அதே மாதிரி லேத் பட்டறையில எதையெல்லாம் செய்யலாம், எதைத் தொடவே கூடாதுன்னும் இருக்கு. காயில் சுத்தலாம், பாபின், புஷ், பின்னு, ஸ்பேசர் கடையலாம். காண்டாக்டும் ஆர்க் சூட்டும் கடையக் கூடாது, பிரேக்கர்ல 50 கேஏன்னு, அதாவது அம்பதாயிரம் ஆம்ப்ஸ்னு, போட்டிருக்குன்னா அந்த அளவு ஷார்ட் சர்க்யூட்டை அறுத்துக் காட்டி டெஸ்ட் பண்ணித்தான் அந்த நம்பர் குடுத்திருக்காங்க, அந்த சில்வர் கலவையும் சூட்டுல இருக்குற தகடு இடைவெளியும் மாறிடுச்சுன்னா அப்புறம் அந்த நம்பருக்கு மதிப்பே இல்ல. அதனாலதான் அதே டைப் பழைய பிரேக்கர்ல இருந்து எடுக்குற ஒரிஜினல் பார்ட்டுக்கு இவ்வளவு மதிப்பு, அதனாலதான் அந்த ஓசூர் காயலான் கடை மூலை இன்னும் என் மனசுல உறுத்துது.

நான் கேக்குறது பெரிய காசு செலவாகுற விஷயம் இல்ல சார். தர்மபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் மாவட்ட தொழில் மையம் இருக்கு, ரெண்டு மாவட்டத்துலயும் சிட்கோ எஸ்டேட் இருக்கு, சிறுதொழில் சங்கங்க இருக்கு. இவங்க சேர்ந்து ஒரே ஒரு பதிவேடு வெக்கட்டும், யார்கிட்ட என்ன மேக், என்ன டைப், எந்த வருஷத்து பிரேக்கர், ரிலே, ஆல்டர்னேட்டர், டிரைவ் ஓடுது, யார்கிட்ட எது சும்மா கெடக்குதுன்னு. கழட்டுறவங்க எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி முப்பது நாள் அந்தப் பதிவேட்டுல போட்டு வெக்கட்டும், யாரும் வேண்டாம்னா அப்புறம் காயலான் கடைக்கு அனுப்பட்டும், எடை விலையை விட கூடுதலாத்தான் கெடைக்கும், விக்கிறவங்களுக்கும் நஷ்டமில்ல. பேக்டரி ரகசியம் வெளிய போயிடும்னு சிலர் தயங்குவாங்க, நேம் பிளேட்டு போட்டோ மட்டும் போதும், உள்ள என்ன லோடு ஓடுதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல.

அரசு ஆலைங்க, பொதுத்துறை நிறுவனங்க பழைய சாமானை எம்எஸ்டிசிங்கிற மத்திய அரசு நிறுவனம் நடத்துற மாதிரி ஏலத்துல விக்கும்போது பல தடவை பழைய எலக்ட்ரிகல் பேனல் இத்தனை டன்னுன்னுதான் லாட் போடுறாங்க, அந்த ஒரு வரியில டைப் நம்பரையும் சேர்த்துப் போட்டா எங்கள மாதிரி ஆளுங்க கண்ணுல படும். இல்லேன்னா டன் கணக்குல வாங்கி உருக்குறவங்கதான் எடுப்பாங்க.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு கமிட்டி போட்டாங்க, அந்த வருஷம் டிசம்பர்ல அதுக்கு ஒரு போர்ட்டலும் ஆரம்பிச்சாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வண்டி வாகனம்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க, நல்ல விஷயம். ஆனா அந்த நாலுல பேக்டரி பிரேக்கரும் இல்ல, ஜெனரேட்டர் ஏவிஆரும் இல்ல. கம்பெனிங்க லாபமில்லாத மாடலை நிறுத்துறது அவங்க உரிமை, அதை நான் குத்தம் சொல்லல, நிறுத்தும்போது அந்த காயிலோட சுத்து எத்தனை, கம்பி கேஜ் என்ன, பாபின் டிராயிங், கன்ட்ரோல் சர்க்யூட் இதையாவது வாங்குனவங்களுக்குக் குடுக்கட்டும்னுதான் கேக்குறேன். அப்படி இருந்திருந்தா எங்க வைண்டிங்காரர் நகைக் கடை தராசுக்குப் போயிருக்க வேண்டியதில்ல.

பர்கூர்ல 1994ல இருந்து அரசு இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, மாவட்டத்துல ஐடிஐங்க இருக்கு. கடைசி வருஷப் பசங்க புராஜெக்ட்டுக்கு விஷயம் தேடி அலையறாங்க, அவங்கள நாலு பேரை எங்க பேக்டரிக்கு அனுப்புங்க, ஆப் சீசன்ல பிரேக்கரைக் கழட்டி வெச்சுத் தர்றோம், ஒவ்வொரு பார்ட்டையும் அளந்து டிராயிங் போடட்டும், காயில் டேட்டா எழுதட்டும். அந்தப் பசங்களுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்காத படிப்பு, எங்களுக்கு அடுத்த இருபது வருஷத்துக்கு ஆதாரம். ரிட்டையர் ஆன பழைய போர்மேனுங்களையும் கூப்பிட்டு உக்கார வெச்சு அவங்க சொல்றதை எழுதிக்கட்டும், டீயும் ரெண்டு வேளை சாப்பாடும் நாங்க பாத்துக்கறோம்.

அதிகாரிங்க ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு நானே ஒரு நோட்டுல ஆரம்பிச்சுட்டேன், இதுவரைக்கும் பதினோரு பேக்டரி எலக்ட்ரீஷியனுங்க நேம் பிளேட்டு போட்டோ அனுப்பியிருக்காங்க, அதுல மூணு எடத்துல எங்க டைப் பிரேக்கரே ஓடுது, இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. எங்க ஸ்டோர்ல 1600 ஆம்ப்ஸ் பிரேக்கருக்கு ஸ்பிரிங் சார்ஜிங் மோட்டார் ரெண்டு, ஓடுற நிலைமையில சிடிஜி ரிலே மூணு, 110 வோல்ட் டிரிப் காயில் நாலு சும்மா இருக்கு, ஓனர்கிட்ட பேசிட்டேன், தேவைப்படுறவங்களுக்கு நியாயமான விலைக்குத் தரலாம்னுட்டாரு. எங்களுக்கு வேண்டியது அந்த பிரேக்கருக்கு மூணு ஃபேஸ் ஆர்க்கிங் காண்டாக்ட் செட் ஒண்ணு. இந்த லெட்டரைப் படிக்கிற யார் பேக்டரியிலயாவது பழைய பேனல் கழட்டி ஷெட்டு ஓரமா வெச்சிருந்தா, நேம் பிளேட்டை ஒரு தடவை தொடச்சுப் பாருங்க, மே மாசம் பழம் வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.

இப்படிக்கு,
மாங்கூழ் பேக்டரி எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்,
கிருஷ்ணகிரி.